சட்டிக்கு எத்தனை விரல்

சாம்பல் நிறத்தில் செங்கல் பருமனுக்கு இருந்த அந்த விளையாட்டுப் பெட்டியை உங்களில் எத்தனை பேர் கையில் பிடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு பேட்டரி போட வேண்டும். திரைக்குள் விளக்கு கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் பாசி படிந்தால் எப்படி இருக்குமோ அந்த நிறம். வெளிச்சம் பார்த்து உட்கார்ந்தால்தான் உள்ளே இருக்கிற பூதங்கள் கண்ணுக்குத் தெரியும். பூதங்களைப் பிடித்து, வளர்த்து, ஆறு பூதங்களை அணி சேர்த்து, எதிராளியின் பூதங்களோடு மோத விடுவதுதான் ஆட்டம்.

தூரத்துக்கு ஒரு கண்ணாடி, கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி என்று வாங்க ஆரம்பித்துவிட்ட என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வீடியோ கேமுக்காகவாம்மா இத்தனை வருஷமா கோபம் என்று சிரித்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு போன் இருக்கிறது, அதில் ஆளுக்கு நூறு பூதம் இருக்கிறது. நாலு பேருக்கு ஒரே பெட்டி, அதில் ஆறே இடம் என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படிப் புரியும்? உங்களுக்குப் புரியும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் வீட்டில் என்ன குழம்பு என்று மாடிப்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டு, பிடித்திருந்தால் அங்கே சாப்பிடுவேன். இல்லாவிட்டால் அவள் கீழே வருவாள். இரண்டு வீட்டிலும் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவார்கள்.

அந்த ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் ஒரே தங்கை. கூடவே பதினாலு வயசில் மகன். இரண்டு மாச லீவு என்று எங்களிடம் சொன்னார்கள். பெட்டி அவனுடையது. பழைய சாமான் விற்கிற கடையில் வாங்கியதாம், அதனால் உள்ளே இருந்த ஆட்டம் முழுக்க ஜப்பான் எழுத்து. ஒரு எழுத்துகூட யாருக்கும் தெரியாது. கோழி கிளறிய மாதிரி இருந்த அந்த எழுத்துகளை என் சிநேகிதி, அந்த மாடி வீட்டுக்காரி, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, அவளே படிக்கிற மாதிரி பாவனையாக ஏதோ ராகம் போட்டாள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அத்தை எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எழுத்து தெரியாவிட்டால் என்ன, நாங்கள் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நான்தான் எழுதினேன். பழுப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தையும் படம் மாதிரி வரைந்து, இதை அழுத்தினால் அடிக்கும், இதை அழுத்தினால் தூங்கும், இதை அழுத்தினால் அணியில் இடமில்லாத பூதங்களை வைக்கிற பெட்டகத்தில் போய் உட்காரும் என்று பக்கத்தில் குறித்து வைப்பேன். பூத நோட்டு என்று பெயர். அதைத் தொடாமல் அந்த ஆட்டத்தை யாராலும் ஆட முடியாது. பெட்டி அவனுடையது, நோட்டு என்னுடையது என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

பூதங்களுக்குப் பெயரும் நாங்களே வைத்தோம். அத்தை மகனுக்கு இரண்டு பூதம், பெட்டிக்காரன் என்பதால். எனக்கு, மாடி வீட்டுக்காரிக்கு, என் தம்பிக்கு ஆளுக்கு ஒன்று. ஆட்டம் தொடங்கும்போதே கிடைத்த ஒன்று பொது. மொத்தம் ஆறு. இதில் ஒரு சட்டம் இருந்தது, கதைக்கு அதுதான் முக்கியம். அணியில் யாருடைய பூதம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் முறை. ஒரு நாளைக்கு ஆளுக்கு அரை மணி நேரம். பூதம் அணியில் இல்லாவிட்டால் பெட்டி கைக்கு வராது, பெட்டி வராவிட்டால் வேறு பூதம் பிடிக்கவும் முடியாது. வெளியே போனால் போனதுதான்.

என் பூதம்தான் சட்டி. மண்சட்டிக்கு இரண்டு குட்டைக் கால் முளைத்து, மேலே மூடியும் போட்ட மாதிரி இருக்கும். மூடியைக் கொஞ்சம் தூக்கி இரண்டு கண்ணால் பார்க்கும். அடிக்கத் தெரியாது. எதிரே எலி மாதிரி ஒன்று வந்தால்கூட நாலு தடவை முட்டினால்தான் எலி விழும். ஒரு மழை நாள் மாதிரி இருந்த திரையில், குளத்தோரம், யாருக்கும் வேண்டாமல் நின்றுகொண்டிருந்ததை நான்தான் பிடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மாடி வீட்டுக்காரி மட்டும், மூடிக்குள் என்ன வைத்திருக்கிறதோ பார்க்கலாம் என்றாள்.

பேட்டரி தீர்ந்தால் அப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்கப் பயந்துகொண்டு பழைய பேட்டரியை மொட்டை மாடியில் வெயிலில் காய வைப்போம், வடகம் மாதிரி வரிசையாக. சூடான பேட்டரியைப் போட்டால் இன்னும் கால் மணி நேரம் ஓடும். அதைக் காவல் காக்கிறது எனக்கும் அவளுக்கும் வேலை. தரை சுடும் என்று ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் வற்றிக் கிடந்த காவேரி மணலைப் பார்த்துக்கொண்டு, மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்றுகொண்டு, பேட்டரியைத் திருப்பிப் போடுவோம்.

*

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டித் தரகர். விடியற்காலை போனால் மத்தியானம் திரும்புவார். சட்டையெல்லாம் வாழைக்கறை, தோளில் கிடக்கிற பச்சைத் துண்டில் காய் பழுக்கப் போடுகிற புகை வாசனை. மண்டியில் அவர் செய்தது கைவேலை. வாங்குகிறவரும் விற்கிறவரும் நாலு பேர் எதிரில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையை நீட்டுவார்கள், மேலே துண்டு விழும், உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரல் என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா நடுவில் நின்று இரண்டு பேருடைய விரலையும் வாங்கி முடித்து வைப்பார். துண்டுக்கு அடியில் பேசினதை வெளியே சொல்லக் கூடாது. மாற்றியும் சொல்லக் கூடாது. சொன்னதாகத் தெரிந்தால் மறுநாள் யாரும் கை நீட்ட மாட்டார்கள். அப்பா கைக்கு மண்டியில் நல்ல பெயர். அவர் கை பொய் சொல்லாது என்று அவர் இல்லாதபோதும் சொல்வார்கள், நானே கேட்டிருக்கிறேன்.

முதல் வாரத்திலேயே எங்களுக்குள் அடிதடி வந்துவிட்டது. யார் பூதம் முதலில் இறங்குவது என்று தம்பியும் அத்தை மகனும் கட்டிப் புரண்டார்கள். குளித்துவிட்டு வந்த அப்பா இரண்டு பேரையும் பிரித்துவிட்டு, சத்தம் போடாமல் மண்டி மாதிரி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். எங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து எந்தத் தகராறு வந்தாலும் அப்பாதான் நடுவர். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து வலது கையை நீட்டுவார், மேலே பச்சைத் துண்டு. ஒவ்வொருவராகப் போய் உள்ளே கை விட வேண்டும். அவர் விரலில் ஒன்றைப் பிடித்தால் சரி, இரண்டைப் பிடித்தால் வேண்டாம். யார் விஷயமோ அவர் கை விடக் கூடாது. யார் எத்தனை பிடித்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவும் கூடாது. அப்பா முடிவை மட்டும் சொல்வார். நாலைந்து தடவை இப்படி நடந்திருக்கும். ஒரு தடவைகூட யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆட்டத்தின் கடைசியில் ஒரு அரண்மனை. அங்கே ஒரு ராஜா. ராஜாவின் கடைசிப் பூதத்துக்கு யானை என்று பெயர் வைத்திருந்தோம், நாலு தந்தம் இருந்தது. அது ஒரு மிதி மிதித்தால் எங்கள் பூதம் ஒன்று காலி. திரும்பத் திரும்பப் போய் திரும்பத் திரும்பத் தோற்றோம். மே மாசம் ஆகிவிட்டது. அத்தை மகனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த யானையைச் சாய்க்காமல் ஊருக்குப் போக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

என் அரை மணி நேரங்களில் நான் வேறு ஒரு வேலை பார்த்தேன். மற்றவர்கள் பூதத்தை இறக்கித் தோற்றுக்கொண்டிருந்தபோது, நான் சட்டியை மட்டும் யானை முன்னால் நிறுத்தி அடி வாங்க வைத்தேன். முதல் மிதியில் சட்டி விழவில்லை. மூடியை இறுக்கிக்கொண்டது. இரண்டாவதிலும் விழவில்லை. மூன்றாவது மிதிக்குப் பிறகு மூடி திறந்து குபுகுபுவென்று ஆவி வந்தது, யானை அடுத்த இரண்டு முறையும் அசையாமல் நின்றது. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். இன்னொரு நாள் செய்தேன், அதே மாதிரி நடந்தது. மூன்றாவது நாளும். பூத நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன். மாடி வீட்டுக்காரியிடம் மட்டும் காட்டினேன். மூடிக்குள் இதைத்தான் வைத்திருந்ததா என்று அவள் கையைத் தட்டினாள்.

அதே வாரம் அத்தை மகன் ஒரு கொம்பனைப் பிடித்துவிட்டான். இறக்கையும் கொம்புமாக, திரை பிடிக்காத அளவு பெரிசு. வாயைத் திறந்தால் நெருப்பு. அணியில் ஆறு இடமும் நிரம்பியிருந்தது. கொம்பன் வர வேண்டும் என்றால் ஒன்று போக வேண்டும். போக வேண்டியது எது என்று சொல்ல அவன் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சபை கூடியது. அப்பா சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் இருந்தார். அத்தை மகன் தன் கட்சியைச் சொன்னான். சட்டி இதுவரைக்கும் எதையாவது அடித்திருக்கிறதா, அதற்குக் கொடுத்த மருந்தெல்லாம் தண்டம், கொம்பன் ஒரே நெருப்பில் பாதி யானையைக் கருக்கிவிடும். அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுந்தேன். கொம்பனால் ஒரு நெருப்புத்தான் விட முடியும், அதற்குள் யானை மிதித்துவிடும், சட்டி முன்னால் நின்று மூன்று மிதியை வாங்கினால் யானை இரண்டு முறை சும்மா நிற்கும், அப்போது மாடி வீட்டுக்காரியின் மின்னல் விடுகிற பூதம் அடிக்கலாம் என்று விளக்கினேன்.

"அடிக்கத் தெரியாதது டீம்ல எதுக்கு?" என்றான் அவன்.

"அடி வாங்கிக்க ஒரு ஆள் வேணும் அத்தான். உங்க எல்லாப் பூதமும் அடிக்கத்தான் பார்க்குது, அதனாலதான் தோக்குறோம்."

இப்போது யோசித்தாலும் நான் சொன்னது சரி என்றுதான் படுகிறது. அப்பாகூட நோட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். பிறகு, சட்டி அணியில் இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, துண்டைப் போட்டுக் கையை நீட்டினார். முதலில் அத்தை மகன், பிறகு தம்பி, கடைசியில் மாடி வீட்டுக்காரி. அவள் துண்டுக்குள் கை விட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று பேரில் இரண்டு பேர் என் பக்கம் என்று எனக்கு நிச்சயம். நான் அடுத்து யானையை எப்படி மடக்குவது என்று மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, அத்தை மகனைப் பார்த்தார்.

"ரெண்டு பேர் வேண்டாங்குறாங்க, ஒருத்தர் வேணுங்குறாங்க. கொம்பனை எடுத்துக்குங்க மாப்ளே."

சமையலறை வாசலில் நின்றிருந்த அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

*

தம்பிக்கு எட்டு வயசு. பொய் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவான். அன்று சாயங்காலமே சட்டத்தை மீறிக்கொண்டு வந்து என் காதில் சொல்லிவிட்டான், அக்கா நான் ஒரு விரல்தான் பிடித்தேன், சாமி சத்தியம் என்று. அவன் சிரிக்கவில்லை. அப்படியென்றால் இரண்டாவது ஆள் யார்? கணக்குப் போட என்ன இருக்கிறது. அப்பா கை பொய் சொல்லாது. தம்பி பொய் சொல்லவில்லை. மிச்சம் ஒருத்திதான்.

என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே செய்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அத்தை மகன் அணியை மாற்ற உட்கார்ந்தான். சட்டியைப் பெட்டகத்தில் வைக்க எந்த எழுத்தை அழுத்த வேண்டும் என்பது பூத நோட்டில் இருந்தது. நோட்டைக் கேட்டான். நான் தர மாட்டேன் என்று பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஞாபகம் இருக்கிறது, எனக்கே தெரியும் என்று எதையோ அழுத்தினான். திரையில் சட்டி ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்தது. அப்புறம் குட்டிக் குட்டியாகக் காலை வைத்து நடந்து திரையின் ஓரத்துக்குப் போய் மறைந்துவிட்டது. பெட்டகத்தில் தேடினோம், இல்லை. குளத்தோரத்தில் தேடினோம், இல்லை. அவன் அழுத்தியது பெட்டகம் இல்லை, விடுதலை. நான் நோட்டைக் கொடுத்திருந்தால் சட்டி எங்கேயாவது உள்ளே உட்கார்ந்திருக்கும். என் பங்குக்கு நானும் செய்திருக்கிறேன், ஒளிப்பானேன்.

அன்றைக்கு முழுக்க அத்தை மகன் முகம் செத்துப் போயிருந்தது. தப்பாயிடுச்சு என்று இரண்டு தடவை வந்து சொன்னான். அவன்மேல் எனக்கு அப்போதே பாதிக் கோபம் போய்விட்டது. அவன் வேண்டாம் என்று எதிரிலேயே சொன்னவன். சிரித்துக்கொண்டே விரலைப் பிடித்தவள்மேல்தான் போகவில்லை.

மாடிப்படியில் நான் ஏறுவதை நிறுத்தினேன். அவள் வந்து கூப்பிடுவாள், நான் இல்லை என்று சொல்லச் சொல்லித் தம்பியை அனுப்புவேன். என் குரல் அவளுக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொல்வேன். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்கெட்ச் பேனாவால் சட்டியை வரைந்திருந்தாள். திரையில் நிறமே கிடையாது. அவள் சட்டிக்குச் செங்கல் சிவப்பும், மூடிக்கு நீலமும், ஆவிக்கு மஞ்சளும் கொடுத்திருந்தாள். கீழே கோழி கிளறின மாதிரி ஜப்பான் எழுத்தில் என்னவோ எழுதியும் இருந்தாள். வாங்கி, அவள் முகத்துக்கு நேரே நாலாகக் கிழித்தேன். ஏன் என்று கேட்டாள். தெரியாத மாதிரி கேட்காதே என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். துண்டுக்கு அடியில் நடந்ததைக் கேட்கக் கூடாது என்பது சட்டம். நான் சட்டத்தை மீறவில்லை என்று அதிலும் எனக்கு ஒரு பெருமை.

அம்மாவுக்கு இதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. பெரிய மனுஷி ஆகப்போகிற வயசு, அதுதான் பொண்ணு விளையாட்டை விட்டுவிட்டு அடக்கமாக இருக்கிறாள் என்று அத்தையிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நான் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் மூன்று பேரும் ஜன்னலோரம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நாள் போகப் போக மாடி வீட்டுக்காரியும் வருவதை நிறுத்திவிட்டாள். கொம்பன் ஒரு நெருப்பு விட்டது, யானை மிதித்தது. கடைசிவரைக்கும் ராஜாவை ஜெயிக்கவில்லை.

ஜூன் மாசம் அத்தை சிங்கப்பூர் போகவில்லை. அத்தை மகனை இங்கேயே ஹாஸ்டலில் சேர்த்தார்கள். மாமா இனிமேல் வர மாட்டார் என்பதும், அவருக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்பதும் அந்த மே மாசமே அப்பாவுக்குத் தெரியும். எங்களுக்கு வருஷக்கணக்காகச் சொல்லவில்லை. பெட்டி அத்தையின் டிரங்கு மேலேயே கிடந்தது. பிறகொரு நாள் திறந்து பார்த்தபோது பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பூத நோட்டு எடைக்குப் போயிருக்கும்.

பள்ளிக்கூடம் திறந்ததும் நான் வேறு பெஞ்சு கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் மாடி வீட்டார் காலி செய்துகொண்டு போனார்கள். சாமான் ஏற்றின வண்டி கிளம்பியபோது அவள் மூன்று தடவை எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கதவின் இடுக்கு வழியாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் எந்தச் சிநேகிதியையும் அவ்வளவு கிட்டத்தில் விடவில்லை. யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். காலேஜில் ஒருத்தி, வேலைக்குப் போன இடத்தில் ஒருத்தி, நல்லவர்கள்தான், நானே தள்ளி வைத்தேன். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரியும், நடை தேறிவிட்டது, வலது கைதான் வரவில்லை. தில்லை நகரில் பிசியோதெரபிக்கு வாரத்தில் மூன்று நாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே அவர் கையில் விரலைக் கொடுத்து அழுத்தச் சொல்வார்கள். இருபது தடவை. வீட்டிலும் காலை மாலை செய்ய வேண்டும்.

ஒரு நாள் அப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முட்டி வலிக்கு வந்த ஒரு அம்மாவும் அவர் மகளும். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனவர் வாழைக்காய் மண்டி அப்பாதானே என்று கேட்டாள். குரலில்தான் கண்டுபிடித்தேன், மாடி வீட்டுக்காரி. முடி பாதி நரைத்திருந்தது.

அவள் அம்மாவைச் சிகிச்சைக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். பிள்ளைகள், வேலை, எந்த ஏரியா என்று பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இருபத்தெட்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. சட்டியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். மூடியைத் தூக்கிப் பார்க்குமே என்று உடனே சொன்னாள். அன்றைக்கு எதற்கு இரண்டு விரல் பிடித்தாய் என்று கேட்டேன்.

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு புரிந்தது. முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஒரு விரல்டி. ஆள்காட்டி விரலைப் பிடிச்சேன். விடாம அழுத்தி வேற பிடிச்சேன்" என்றாள். பிறகு என் பக்கம் முழுக்கத் திரும்பி, "இதுக்காகவாடி? நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாமயே அந்த வருஷம் முழுக்க அழுதேன். எங்கம்மா பயந்து போய்த்தான் வீட்டையே மாத்துனாங்க."

எனக்குள் கணக்கு தானாக ஓடியது. தம்பி ஒன்று, இவள் ஒன்று. மூன்றில் இரண்டு. சட்டிதான் ஜெயித்திருக்கிறது. அவளும் அதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும், உள்ளே போகும் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் அம்மா வெளியே வந்ததும் எழுந்துகொண்டாள். போன் நம்பர் கேட்டேன். இன்னொரு நாள் பார்த்தால் தருகிறேன் என்றாள். அது எனக்கு வேண்டியதுதான்.

வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டு வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூட்டம், ஆட்டோ நகரவில்லை, காவேரிப் பாலத்தில் காற்று நன்றாக இருக்கிறது என்றார். நான் அவர் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் பயிற்சிக்கு உட்கார்ந்தோம். மண்டிக்குப் போவதை நிறுத்தின பிறகும் துண்டு மட்டும் தோளை விட்டு இறங்கவில்லை. அதை எடுத்து அவர் கை மேல் போட்டேன். என் கையை உள்ளே விட்டேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

"மாடி வீட்டுப் பொண்ணு அன்னைக்கு எத்தனை விரல் பிடிச்சாப்பா?"

யாரென்று கேட்கவில்லை, என்றைக்கு என்று கேட்கவில்லை. சிரிப்பு நின்றது. துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் செத்த கை அசைந்தது. என் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்தது. ஒன்று.

"தம்பி?"

மறுபடியும் அதே விரலைப் பிடித்தார்.

"அவனுக்கு அப்பன் இல்லாமப் போயிடுச்சு பாப்பா" என்றார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "அதுக்கு முந்தின நாள்தான் லெட்டர் வந்துச்சு. அத்தை அடுப்படியில அழுதுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணாவது அவனுக்கு ஜெயிக்கட்டும்னு பார்த்தேன். உனக்குத்தான் நான் இருக்கேனே, நீ ரெண்டு நாள்ல மறந்துடுவேன்னு நினைச்சேன்."

"நான் அவகூடப் பேசுறதை நிறுத்தினது உங்களுக்குத் தெரியும்ல?"

இடது கையால் துண்டின் ஓரத்தை நீவினார். தெரியும். மாடிப்படி ஊஞ்சலுக்கு எதிரேதான் இருந்தது.

தகப்பனை இழந்த பிள்ளைக்கு இரக்கப்பட்டார், அது தப்பா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். கொம்பனையும் சேர்த்துக்கொள்ள விட்டுக்கொடு என்று என் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. மண்டியில் முன்பின் தெரியாதவன் விரலைக்கூட மாற்றிச் சொல்லாத கை, என் விஷயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டது. நான் கேட்க மாட்டேன் என்ற நம்பிக்கையில். என் நம்பிக்கையை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறார்.

இன்னும் பதினெட்டுத் தடவை பாக்கி இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. துண்டை எடுத்து மடித்து எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, விரலை அவர் கண் எதிரே நீட்டினேன்.

"அழுத்துங்கப்பா. எண்ணிக்கிட்டே அழுத்துங்க. வாய்விட்டு எண்ணுங்க."